டைக்ஸ்ட்ராவுக்கு ஒரு படிவம்

கல்வியாண்டு முடியப்போகிறது என்றால் என் நண்பரிடமிருந்து ஓர் எக்செல் தாள் வரும். பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினித் துறைப் பேராசிரியர் அவர். கல்லூரி கேட்கும் ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் அது. மொத்தம் எத்தனை பேப்பர், அதில் ஸ்கோபஸ் எத்தனை, சைட்டேஷன் எத்தனை, எச்-இண்டெக்ஸ் என்ன, கடைசி மூன்று ஆண்டில் மட்டும் எத்தனை என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். கூட்டல் சரியா என்று பார்க்கத்தான் எனக்கு அனுப்புகிறாராம். உண்மையில் புலம்பலைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஆண்டு புலம்பலின் நடுவே ஒன்று கேட்டார்: “டைக்ஸ்ட்ராகிட்ட இந்த ஷீட்டைக் குடுத்திருந்தா என்ன சார் போட்டிருப்பாரு?”

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் பெயர் நம் ஊர் கணினி மாணவர்களுக்கு ஒரு பதினாறு மார்க் கேள்வி. நெதர்லாந்துக்காரர். 1930இல் ராட்டர்டாமில் பிறந்தார், 1972இல் டூரிங் விருது வாங்கினார், 2002இல் மறைந்தார். நண்பரின் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொண்டு அவருக்காக அந்தத் தாளை நானே நிரப்பிப் பார்த்தேன். ஒரு கட்டம்கூட ஒழுங்காக நிரம்பவில்லை.

படிவங்களோடு அவருக்கு முதலிலிருந்தே ராசியில்லை. 1957இல் திருமணத்தைப் பதியப் போனபோது தொழில் என்ற இடத்தில் ‘புரோகிராமர்’ என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று சொல்லி ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஏற்க மறுத்துவிட்டது. கடைசியில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்றுதான் பதிவானது. டூரிங் விருது உரையில் அவரே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். தொழிலுக்கே பெயர் இல்லாத காலம் என்றால் அந்தத் தொழிலுக்கென்று ஆய்விதழ் எங்கிருந்து வரும்? இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அடுத்த கதை புரியும்.

திருமணத்துக்கு முந்தைய ஆண்டு, வருங்கால மனைவியோடு ஆம்ஸ்டர்டாமில் கடை கடையாகச் சுற்றிக் களைத்துப்போய் ஒரு காபிக்கடையின் வெளியே உட்கார்ந்தார். அவர் வேலை பார்த்த கணித மையம் ‘அர்மாக்’ என்ற புதுக் கணினியைத் திறந்துவைக்க இருந்தது. கணினி என்றால் என்னவென்றே தெரியாத விருந்தினர்களுக்கு அதன் திறமையைக் காட்ட ஒரு கணக்கு வேண்டும். கேள்வியும் அவர்களுக்குப் புரிய வேண்டும், விடையும் புரிய வேண்டும். ராட்டர்டாமிலிருந்து கிரோனிங்கனுக்குப் போக மிகக் குறுகிய வழி எது? காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. இருபது நிமிடத்தில் மனசுக்குள்ளேயே விடையைப் போட்டுவிட்டார். விழாவில் காட்டுவதற்கு 64 ஊர்கள் கொண்ட வரைபடம் ஒன்றைத் தயாரித்தார்கள். 64 என்றால் ஓர் ஊரைக் குறிக்க ஆறு பிட் போதும். அன்றைய கணினியின் நினைவகத்துக்கு அந்தச் சிக்கனம் தேவைப்பட்டது.

அல்காரிதம் எளிமையானது. ராட்டர்டாமில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாலையிலும் அது ஒரே வேகத்தில் ஓடுகிறது. எந்த ஊருக்கு முதலில் தண்ணீர் போய்ச் சேர்கிறதோ, அந்த ஊருக்கான குறுகிய வழி அந்தக் கணமே முடிவாகிவிட்டது. இனி யாரும் சுற்றிவந்து அதை மிஞ்ச முடியாது. அந்த ஊரை முடிந்ததாகக் குறித்துவிட்டு, அடுத்து எங்கே சேரும் என்று பார்க்க வேண்டியதுதான். கிரோனிங்கன் நனைந்ததும் வேலை முடிந்தது.

இதை அச்சில் கொண்டுவர மூன்று ஆண்டு ஆயிற்று. ‘நூமரிஷே மத்தமாட்டிக்’ என்ற ஜெர்மன் கணித இதழ் 1959இல் தொடங்கியபோது அதன் முதல் தொகுதியில் வெளியானது, 269ஆம் பக்கம் முதல் 271 வரை. மூன்றே பக்கம். அடியில் குறிப்பிட்டிருந்த பிறர் நூல்கள் நான்கே. கட்டுரையில் உள்ள இரண்டு கணக்குகளில் நாம் தேடும் குறுகிய வழி இரண்டாவது. முதலாவது, எல்லாப் புள்ளிகளையும் மிகக் குறைந்த கம்பியில் இணைப்பது எப்படி என்பது. அதை ராபர்ட் பிரிம் 1957இலேயே வெளியிட்டிருந்தார். அவருக்கும் முன்னால் யார்னிக் என்ற செக் நாட்டுக் கணிதவியலாளர் 1930இல் எழுதிவைத்துவிட்டார். அந்த இருவர் பெயரும் டைக்ஸ்ட்ராவின் பட்டியலில் இல்லை. தெரியாமல்தான் விட்டிருப்பார். அந்தக் காலத்தில் யார் என்ன செய்தார்கள் என்று தேடிப்பிடிப்பது அவ்வளவு சுலபமல்ல.

அந்தத் தேடலைச் சுலபமாக்கப் பிறந்ததுதான் மேற்கோள் கணக்கு. ஆராய்ச்சியாளரை எடைபோடும் எண்ணமெல்லாம் அப்போது முன்னால் இல்லை.

நம் வக்கீல்கள் ‘சைட்டேஷன் இருக்கா?’ என்று கேட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். பழைய தீர்ப்பு ஒன்றை வைத்து வாதாட எழுந்தால், அந்தத் தீர்ப்பை மேல் நீதிமன்றம் பின்னால் தள்ளுபடி செய்துவிட்டதா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873இல் இதையே வியாபாரமாக்கினார். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்பு எடுத்தாண்டது என்று பசைத் துண்டுகளில் அச்சிட்டு விற்றார். வக்கீல்கள் வாங்கித் தங்கள் சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்க இளைஞர் இதே வித்தையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். ஒரு கட்டுரையைக் கையில் வைத்திருப்பவர், அதைப் பிற்பாடு யார் மறுத்தார், யார் வளர்த்தார் என்று முன்னோக்கித் தேடட்டும் என்பது அவர் எண்ணம். அறுபதுகளின் நடுவில் அவருடைய நிறுவனத்திலிருந்து ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ தடிதடியாக வரத் தொடங்கியது. நூலகர் கைக்கருவி அது. எண்ணிப் பார்க்க முடிகிற எதையும் யாராவது எண்ணாமல் விடுவார்களா? கொஞ்ச காலத்திலேயே எண்ணிக்கை தனி மரியாதை பெற்றுவிட்டது.

இதே யோசனை பின்னால் கணினித் துறையின் மிகப் பெரிய வியாபாரத்துக்கும் விதையானது. செர்கே பிரின்னும் லாரி பேஜும் 1998இல் வெளியிட்ட கூகுள் கட்டுரையின் அடிப்படை, இணையப் பக்கம் ஒன்று இன்னொன்றுக்குப் போடும் இணைப்பை மேற்கோளாக எண்ணுவது. ஆனால் அவர்கள் வெறுமனே எண்ணவில்லை. மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு அதிக எடை, ஊர்பேர் தெரியாத பக்கத்திலிருந்து வந்தால் குறைந்த எடை. அதே நிறுவனம் 2004இல் தொடங்கிய கூகுள் ஸ்காலரில் என் நண்பரின் பெயருக்குக் கீழே நிற்பதோ சாதாரண மொத்தக் கூட்டல். யார் சொன்னாலும் ஒன்று ஒன்றுதான்.

சரி, மூன்று பக்கக் கட்டுரைக்கு எத்தனை மேற்கோள்? ஸ்காலரில் பார்த்தால் பல்லாயிரம். நண்பரின் தாளில் அந்தக் கட்டத்தை அது நிறைத்துத் தள்ளிவிடும். ஆனாலும் அது குறைவான எண்ணிக்கை என்பது என் கட்சி. உலகமெங்கும் ரவுட்டர்கள் தமக்குள் வழி கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை டைக்ஸ்ட்ராவின் அல்காரிதத்தை அப்படியே ஓட்டுகிறது. நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி எங்கோ ஓரிடத்தில் அதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. விளையாட்டு மென்பொருளில் ஓடும் எதிரி, சரக்கு லாரி அட்டவணை, கல்லூரிப் பாடப்புத்தகம் என்று எங்கும் இருக்கிறது. இவற்றை எழுதியவர்களில் பலர் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. பாடப்புத்தகத்தைக் குறிப்பிடுவார்கள், அல்லது ஒன்றையும் குறிப்பிட மாட்டார்கள். பிதாகரஸ் தேற்றத்துக்கு யார் மேற்கோள் காட்டுகிறார்கள்? ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இந்த விசித்திரத்துக்குப் பெயரே வைத்தார்: உள்வாங்கப்படுவதால் அழிந்துபோவது. ஒரு கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகிவிட்டால் பட்டா யார் பேரில் என்று எவரும் பார்ப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. அந்த மூன்று பக்கத்தைக் குறிப்பிடும் பல்லாயிரம் பேரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? வேகமாக ஓடும் இன்றைய வடிவங்களில் ‘ஹீப்’ என்ற தரவு அமைப்பு இருக்கும். மூலக் கட்டுரையில் அது கிடையாது. பின்னால் பலர் சேர்த்தது. அதற்கும் 1959ஐயே காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

படிக்காமல் மேற்கோள் காட்டுவதை அளக்கவே முடியாது என்றுதான் தோன்றும். மிகைல் சிம்கின், வ்வானி ராய்சவுத்ரி என்ற கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2003இல் ஒரு வழி கண்டார்கள். ஏட்டுச்சுவடி ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் பழக்கம் உள்ள நமக்கு அது புதிதல்ல. இரண்டு ஏட்டில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று பெயர்த்தெழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர் முடிவுகட்டுவார். இவர்களும் பிழையைத்தான் பின்தொடர்ந்தார்கள். இயற்பியலில் புகழ்பெற்ற ஒரு கட்டுரையை ஏறக்குறைய 4,300 பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அவற்றில் 196 இடங்களில் பக்க எண்ணோ தொகுதி எண்ணோ ஆண்டோ தப்பாக இருந்தது. ஆனால் தனித்தனிப் பிழைகள் 45தான். ஒரே ஒரு பிழை மட்டும் 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. எழுபத்தெட்டு பேரும் தனித்தனியே உட்கார்ந்து ஒரே தப்பைச் செய்திருக்க முடியாது. முன்பெஞ்சுக்காரன் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இப்படிக் கணக்குப் போட்டு, மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று மதிப்பிட்டார்கள். பார்த்து எழுதும் பழக்கம் இருந்தால், ஏற்கெனவே பலர் காட்டியதே மேலும் மேலும் காட்டப்படும். காசு காசோடு சேரும் கதை.

அடுத்த கட்டம், எச்-இண்டெக்ஸ். 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. உங்கள் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி, பள்ளியில் உயர வரிசையில் நிறுத்துவதுபோல, பெரியதிலிருந்து சிறியதாக நிறுத்துங்கள். ஒருவருக்கு 50, 18, 11, 7, 6, 5, 2, 1 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரிசையில் நடந்துகொண்டே போங்கள். முதல் கட்டுரைக்கு ஒன்றாவது இருக்கிறதா? இருக்கிறது. இரண்டாவதற்கு இரண்டு? இருக்கிறது. ஐந்தாவதற்கு ஆறு இருக்கிறது, தேறிவிட்டது. ஆறாவதற்கு ஆறு வேண்டும், ஐந்துதான் இருக்கிறது. அங்கே நின்றுவிடுங்கள். அவருடைய எச் ஐந்து. முதல் கட்டுரைக்கு 50க்குப் பதில் ஐந்து லட்சம் மேற்கோள் வந்தாலும் எச் அதே ஐந்துதான். குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒரு கட்டுரை பெயர்வாங்கிவிட்டவரையும் சீராக உழைத்தவரையும் பிரித்துக்காட்டத்தான் ஹிர்ஷ் இப்படி வகுத்தார். நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் வாழ்நாளில் மூன்றே கட்டுரை எழுதி, மூன்றும் துறையையே புரட்டிப் போட்டிருந்தால் எச் மூன்று. என் நண்பரின் கல்லூரியில் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்காது. 2020இல் ஹிர்ஷே, தன் எண் சில சமயம் மோசமாகச் சறுக்குகிறது, நினைத்துப் பார்க்காத தீங்குகளைச் செய்கிறது என்று எழுதினார். அதற்குள் அந்த எண் எல்லாப் படிவத்திலும் ஏறிவிட்டிருந்தது.

டைக்ஸ்ட்ரா நிறைய எழுதியவர்தான். எழுதிய இடம்தான் சிக்கல். ஊற்றுப் பேனாவில், அச்சுக் கோத்ததுபோன்ற கையெழுத்தில், தாள்தாளாக எழுதி, தன் பெயரின் முதலெழுத்துகளான ‘இடபிள்யூடி’யோடு வரிசை எண் போடுவார். சில நண்பர்களுக்கு நகல் அனுப்புவார். அவர்கள் அதை நகலெடுத்து வேறு சிலருக்கு அனுப்புவார்கள். கையிலிருந்து கைக்கு மாறி, கண்டம் விட்டுக் கண்டம் போய், ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேல் வரிசை எண்கள் ஆயின. கணித நிரூபணம், பயணக் குறிப்பு, சக பேராசிரியர்மேல் எரிச்சல், ஒரு கம்பெனியைப் பற்றிய கிண்டல் கதை எல்லாம் உண்டு. கடைசிக் குறிப்பான 1318ஆம் எண் 2002 ஏப்ரலில் எழுதியது, ஆகஸ்டில் இறந்துவிட்டார். இவற்றில் சிறு பகுதிதான் முறையான இதழ்களில் அச்சானது. மொத்தம் எத்தனை பேப்பர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? பள்ளிக்கூட நோட்டில் எழுதியதெல்லாம் கணக்கில் வராது சார் என்பார் நண்பர்.

அவரும் பிறருக்குக் கணக்கு ஏற்றிவிடுபவரில்லை. 1976இல் வந்த ‘நிரலாக்கத்தின் ஒழுங்கு’ என்ற புகழ்பெற்ற நூலில் துணைநூற்பட்டியலே கிடையாது. ஏன் இல்லை என்று விளக்கவும் மாட்டேன், வருந்தவும் மாட்டேன் என்ற பொருளில் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். இன்று ஆய்வேட்டில் ஒரு மாணவர் இப்படி எழுதினால் வழிகாட்டி மயங்கி விழுவார். எனக்கு இந்த இடத்தில் டைக்ஸ்ட்ராவோடு முழு உடன்பாடில்லை. யாரிடமிருந்து கற்றோம் என்று சொல்வது மரியாதை மட்டுமல்ல, பின்னால் வருபவனுக்கு வழித்தடம். யார்னிக்கின் பெயர் விட்டுப்போனதுபோல எத்தனை பெயர்கள் போயினவோ.

இது டைக்ஸ்ட்ரா ஒருவரின் கிறுக்கு என்று தள்ளிவிட முடியாது. கணினித் துறையே இந்தத் தராசில் சரியாக உட்காராத துறை. உயிரியலில் ஆய்விதழ்தான் உச்சம். கணினியியலில் நல்ல மாநாடு ஒன்றில் கட்டுரை ஏற்கப்படுவது பல இதழ்களைவிடக் கடினம். பழைய தரவுத்தளங்கள் இதழ்களை எண்ணின, மாநாடுகளை அரைகுறையாகவே பார்த்தன. எழுதிய மென்பொருளுக்குக் கட்டமே இல்லை. பெர்ட்ராண்ட் மேயரும் வேறு மூவரும் 2009இல் ஒரு கட்டுரையில் இதைப் போட்டு உடைத்தார்கள். கார்ஃபீல்டின் நிறுவனம் வெளியிட்ட ‘அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்’ பட்டியலில் பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் இல்லை, டொனால்ட் கனூத் இல்லை. 2000 முதல் 2006 வரை டூரிங் விருது பெற்றவர்களில் ஒருவரைத் தவிர யாரும் இல்லை. சமையல் போட்டியில் இட்லிக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது என்பதுபோல. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் ஒரு ஹைபர்டெக்ஸ்ட் மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையை நிராகரித்துவிட்டு, வேண்டுமானால் வந்து செய்துகாட்டுங்கள் என்று அனுமதித்தார்கள். படிவத்தில் அது பூஜ்யம்.

துறைக்குள்ளேயே மடுவும் மலையும் இருக்கின்றன. கூகுளில் எட்டுப் பேர் சேர்ந்து 2017இல் எழுதிய டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை லட்சம் மேற்கோளைத் தாண்டிவிட்டது. இன்றைய உரையாடும் மென்பொருள்களெல்லாம் அதன் வாரிசுகள். அதே ஆண்டு கோட்பாட்டுக் கணினியியலில் ஒருவர் கடினமான தேற்றம் ஒன்றை நிறுவியிருந்தால், ஐம்பது மேற்கோள் வந்ததும் மகிழ்ந்திருப்பார். அதைப் புரிந்துகொண்டு மேலே கட்டக்கூடியவர்கள் உலகத்திலேயே அவ்வளவு பேர்தான். இருவரையும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிசையில் எழுதினால் தாள் என்ன செய்யும், பாவம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல உட்கார்ந்த டைக்ஸ்ட்ரா கட்டுரைக்கு வருகிறேன். 1974 நவம்பரில் வந்தது. பக்கம் 643, 644. இரண்டே பக்கம்.

நால்வர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் முறை. ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குப் போக வேண்டும். மேற்பார்க்க யாருமில்லை. ஒவ்வொருவருக்கும் தன் இடப்பக்கத்தவர் கையிலுள்ள எண் மட்டும்தான் தெரியும். மின்வெட்டோ வேறு கோளாறோ வந்து எல்லார் கையிலும் கண்டபடி எண்கள் மாறிவிட்டன. ஒரே சமயத்தில் பலர் என் முறை என்று எழுகிறார்கள். தலைவர் இல்லாமல், முழு வட்டத்தையும் யாரும் பார்க்காமல், இந்தக் குழப்பம் தானாகவே தெளியுமா?

தெளியும் என்றார் டைக்ஸ்ட்ரா. முதலாமவர் தவிர மற்றவர்களுக்கு விதி இது: இடப்பக்க எண் உன் எண்ணிலிருந்து வேறாக இருந்தால் உன் முறை, அந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொள். முதலாமவருக்கு மட்டும் தலைகீழ் விதி: இடப்பக்கமுள்ள கடைசி ஆளின் எண்ணும் உன் எண்ணும் ஒன்றாக இருந்தால் உன் முறை, உன் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள், ஓர் எல்லை வந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கு. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நால்வர் கையில் 3, 0, 2, 2. இரண்டாமவரும் மூன்றாமவரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள், குழப்பம். மூன்றாமவர் முந்திக்கொண்டு இரண்டாமவரைப் பார்த்து எழுதுகிறார்: 3, 0, 0, 2. இப்போது எழுபவர்கள் இரண்டாமவரும் நான்காமவரும். நான்காமவர் எழுதிக்கொள்கிறார்: 3, 0, 0, 0. இப்போது இரண்டாமவர் ஒருவருக்குத்தான் முறை. அவர் 3 என்று மாற்றினால் மூன்றாமவருக்குப் போகும், பிறகு நான்காமவருக்கு, பிறகு முதலாமவருக்கு. இனி எப்போதும் ஒரே முறைதான் சுற்றிவரும். வேறு வரிசையில் தொடங்கிப் பாருங்கள், வேறு ஆள் முந்திக்கொள்ளட்டும், கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். எண்களின் எல்லை ஆட்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

இதற்கு ‘தன்னிலைப்படுதல்’ என்று பெயர் சொல்லலாம். யாரும் கைவைக்காமலே தானாகத் தேறிவரும் அமைப்புகளின் கோட்பாடு முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தை அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. நிரலில் தாவச் சொல்லும் ‘கோ டு’ கட்டளையைச் சாடி அவர் 1968இல் எழுதிய ஆசிரியர் கடிதத்துக்கு உலகமே கைதட்டியும் கல்லெறிந்தும் பதில் சொன்னது. அச்சில் விரைந்து வரட்டும் என்று அதைக் கடிதமாக்கி, காரசாரமான தலைப்பும் வைத்தவர் ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த். அந்தத் தலைப்பின் வாய்பாட்டில் இன்றுவரை கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. அதுவும் ஒரு தாக்கம்தானே? இந்த இரண்டு பக்கத்துக்கோ கைதட்டலும் இல்லை, கல்லும் இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1983இல், பரவல் கணிப்பு பற்றிய மாநாடொன்றில் பேச வந்த லெஸ்லி லாம்போர்ட், டைக்ஸ்ட்ராவின் ஆகச்சிறந்த படைப்பு இதுதான், ஏறக்குறைய யாருக்கும் இது தெரியவில்லையே என்றார். பின்னாளில் டூரிங் விருது பெற்றவர் அவர். ஒருவர் வாயிலிருந்து வந்த அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் மேற்கோள்கள் வரத் தொடங்கின. பிற்பாடு அது ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்தது. 1974இல் இடம் கருதி விட்டுவிட்ட நிரூபணத்தை டைக்ஸ்ட்ரா வெளியிட்டது 1986இல், ‘தாமதமான நிரூபணம்’ என்று தலைப்பிட்டு. பன்னிரண்டு ஆண்டு, குறிஞ்சிக் கணக்கு. வெகுகாலம் கவனிப்பாரின்றிக் கிடந்து திடீரென விழித்துக்கொள்ளும் கட்டுரைகளை ‘உறங்கும் அழகிகள்’ என்று அழைத்தவரும் ஒரு நெதர்லாந்துக்காரர்தான், லைடனைச் சேர்ந்த அந்தோணி வான் ரான். 1974க்கும் 1983க்கும் இடையே டைக்ஸ்ட்ராவின் ‘கடைசி மூன்று ஆண்டு’ கட்டத்தை யாராவது நிரப்பியிருந்தால் இந்தக் கட்டுரையின் பங்கு அநேகமாகச் சைபர்.

உறங்காமலே அழகியாகிவிடும் வழிகளும் உண்டு. 2005இல் எம்ஐடி மாணவர்கள் மூவர் ‘சைஜென்’ என்றொரு மென்பொருள் செய்தார்கள். பொத்தானை அழுத்தினால் வரைபடம், அட்டவணை, மேற்கோள் பட்டியல் எல்லாம் வைத்து அர்த்தமே இல்லாத கணினியியல் கட்டுரையைக் கொட்டும். அப்படிப் பிறந்த ஒன்று மாநாட்டில் ஏற்கப்பட்டது. 2010இல் பிரான்சின் கிரனோபிளில் சிரில் லபே என்ற ஆய்வாளர் அதே மென்பொருளால் நூறு சொச்சம் கட்டுரைகளைச் செய்து, ஒன்றுக்கொன்று மேற்கோள் காட்டிக்கொள்ளும்படி கோத்து, கூகுள் ஸ்காலரின் கண்ணில் படும்படி வைத்தார். ஆசிரியர் ‘ஐக் அன்ட்கேர்’, பிறக்கவே பிறக்காத மனிதர். எச்-இண்டெக்ஸ் 94! அந்தக் கணக்கின்படி ஐன்ஸ்டைனை முந்திவிட்டார். 2024இல் அமெரிக்க ஆய்வு மாணவர் ஒருவர், மேற்கோள் விற்கும் கடைகள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்ட, தன் பாட்டி வீட்டுப் பூனை லேரியின் பெயரில் கட்டுரைகள் புனைந்து ஸ்காலரில் நூற்றுக்கும் மேல் மேற்கோள் வாங்கிக் கொடுத்தார். பூனைக்கு இதில் சந்தோஷமோ வருத்தமோ இல்லை.

இவை சிரிக்கவைக்கச் செய்த காரியங்கள். சிரிக்காமல் செய்பவர்களும் இருக்கிறார்கள். சைஜென் குப்பைகள் நிஜமான மாநாட்டுத் தொகுப்புகளில் புகுந்திருப்பதை லபே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க, பெரிய பதிப்பகங்கள் இரண்டு 2014இல் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. நம் நாட்டில் 2016 முதல் வெளியாகும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோளுக்கும் நேரடி மதிப்பெண் உண்டு. அங்கே தொடங்கும் அழுத்தம் பல்கலைக்கழகம், கல்லூரி, துறைத்தலைவர் என்று படியிறங்கி, என் நண்பரின் எக்செல் தாளில் வந்து உட்காருகிறது. அவர் நல்ல ஆசிரியர். மாலை ஆறு மணிக்கு மேலும் ஆய்வகத்தில் மாணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிரல் பிழை தேடுபவர். அந்த நாற்காலிக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தாளில் தேடினேன். ‘இதர பணிகள்’ என்று ஒன்று கடைசியில் இருந்தது. ஐந்து மதிப்பெண்.

டைக்ஸ்ட்ராவுக்காக நான் நிரப்பிய தாளில் விருதுகள் என்ற கட்டம் பாக்கியிருந்தது. டூரிங் விருது போக இன்னொன்று உண்டு. லாம்போர்ட் பேசிய அதே மாநாடு, பரவல் கணிப்பில் ஆழ்ந்த தாக்கம் உண்டாக்கிய கட்டுரைக்கு ஆண்டுதோறும் பரிசு தருகிறது. 2002இல் அது அந்த இரண்டு பக்கத்துக்குக் கிடைத்தது, அவர் இறந்த அதே ஆண்டு. மறு ஆண்டே பரிசுக்கு டைக்ஸ்ட்ரா பரிசு என்று பெயர் மாற்றினார்கள். இன்று அந்தப் பரிசு வாங்குபவர்கள் அதைத் தங்கள் படிவத்தில் எழுதிக்கொள்ளலாம். பரிசுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: கட்டுரை வெளிவந்து குறைந்தது பத்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

நண்பரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். “பத்து வருஷமா?” என்றார். “இவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்கறாங்க சார்.”